பெட்டி வந்தது, பொருள் வரவில்லை: இணைய வணிகத்தில் குறையும் பொருளுக்குப் பொறுப்பு யார்?

புதுதில்லி: இணையத்தில் வாங்கிய பொருள் வந்து சேரவே இல்லை என்ற புகாரைத் தீர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஒப்படைத்ததற்கான பதிவு இருக்காது. பணம் திரும்பி வந்துவிடும். பெட்டி வந்துவிட்டது, கையொப்பமும் கடவு எண்ணும் தரப்பட்டுவிட்டன, ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய ஐந்தில் நான்குதான் இருக்கின்றன என்ற புகார் அப்படிப்பட்டதல்ல. நிறுவனத்தின் கணினியில் அந்த ஆணை முடிந்துபோன கணக்கு. வாடிக்கையாளருக்கோ அது தொடங்கவே இல்லாத கணக்கு. இடையில் டீலர் ஒருவரும் இருந்துவிட்டால், யாரிடம் கேட்பது என்பதே முதல் சிக்கலாகிவிடுகிறது.

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்ளலாம். நாக்பூரில் வீட்டிலிருந்தபடியே தையல் தொழில் செய்யும் பெண் ஒருவர், லூதியானாவைச் சேர்ந்த தையல் இயந்திர நிறுவனத்தின் இணையதளத்தில் மோட்டாருடன் கூடிய இயந்திரம் ஒன்றுக்குப் பணம் செலுத்துகிறார். நிறுவனம் அந்த ஆணையை இந்தூரிலுள்ள தன் டீலருக்கு அனுப்புகிறது. டீலர் தன் கிடங்கிலிருந்து எடுத்துக் கட்டி, ஒரு கூரியர் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். நாக்பூரில் பெட்டியைத் திறந்தால் இயந்திரம் இருக்கிறது, மோட்டார் இல்லை. நிறுவனத்தைக் கேட்டால் "அனுப்பியது டீலர்" என்கிறது. டீலர், "நான் முழுமையாகக் கட்டிக் கொடுத்தேன், கூரியரைக் கேளுங்கள்" என்கிறார். கூரியரோ, "எங்களுக்கு வந்தது முத்திரையிட்ட பெட்டி, முத்திரையுடனே ஒப்படைத்தோம்" என்று முடித்துக்கொள்கிறது. மூன்று பதில்களும் தனித்தனியே உண்மையாகக்கூட இருக்கலாம். மூன்றையும் கூட்டினால் மோட்டார் கிடைப்பதில்லை.

இத்தகைய குறை நான்கைந்து இடங்களில் நேரலாம். டீலரின் கிடங்கில் கட்டும்போதே ஒரு பொருள் விடுபட்டிருக்கலாம். ஒரே ஆணையின் பொருட்கள் இரண்டு கிடங்குகளிலிருந்து இரண்டு பெட்டிகளாகப் புறப்பட்டு, ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் வரலாம். குறை என்று தோன்றுவதில் ஒரு பங்கு உண்மையில் இதுவே. வேறொரு வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய பெட்டி, சரிபார்க்கப்படாமல் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கலாம். வழியில் யாரேனும் பெட்டியைப் பிரித்து எடுத்திருக்கலாம். வாடிக்கையாளரே பொய் சொல்லும் நிகழ்வுகளும் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. நிறுவனங்கள் இத்தகைய புகார்களை ஐயத்தோடு அணுகுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஐயத்தின் சுமை நேர்மையான வாங்குபவரின் தலையில் முழுவதுமாக இறங்குவதுதான் இன்றைய நடைமுறையின் கோணல்.

'அளவில் குறை' என்பதும் பழுதே

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இடம் இருக்கிறது, தேடுவோர்தான் குறைவு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுது என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் தரக்குறைவை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. தரம், அளவு, திறன், தூய்மை ஆகிய எதிலும் உள்ள குறைபாட்டை அது பழுதாகவே கருதுகிறது. 'அளவு' என்ற அந்த ஒற்றைச் சொல்லே இங்கு திறவுகோல். பெட்டியில் ஒரு பொருள் குறைந்தால் வந்து சேர்ந்த சரக்கு அளவில் பழுதுபட்டது என்று வாதிட அது இடமளிக்கிறது.

அப்படிக் கொண்டதும் வேறு இரண்டு கதவுகள் திறக்கின்றன. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், ரசீதில் குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதும் அதே சட்டத்தின்கீழ் முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை எனில் 30 நாட்கள் என்று சட்டமே வரையறுக்கிறது. அடுத்து, 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்னணு வணிக விதிகள். விளம்பரத்தில் சொன்ன தன்மைகளோடு பொருந்தாத பொருளையும் பழுதான பொருளையும் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என அவ்விதிகளின் 6ஆம் விதி கூறுகிறது. "மோட்டாருடன்" என்று விளம்பரம் செய்துவிட்டு மோட்டாரின்றி அனுப்புவது இந்த விதிக்கு நேர் எதிரானது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் 1930ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கண்ட அளவைவிடக் குறைவாக ஒப்படைத்தால் வாங்குபவர் அனைத்தையும் நிராகரிக்கலாம். வைத்துக்கொண்டால் வைத்துக்கொண்ட அளவுக்கு மட்டும் ஒப்பந்த விலையைத் தரலாம் என்று அதன் 37ஆம் பிரிவு சொல்கிறது. முன்கூட்டிப் பார்வையிடாத பொருளை, பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும் வரை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்பது 41ஆம் பிரிவு. வாசலில் நின்றபடி கைப்பேசித் திரையில் விரலால் இட்ட கையொப்பம், பெட்டியைப் பெற்றதற்கான சான்று மட்டுமே. பெட்டிக்குள் இருந்த அனைத்தையும் சரிபார்த்து ஏற்றதற்கான சான்று ஆகாது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த வேறுபாட்டை இன்றைய வாடிக்கையாளர் சேவை மையங்கள் அநேகமாகக் கணக்கில் கொள்வதே இல்லை.

அதே 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்பனையாளருக்குத் துணைநிற்கும் பிரிவும் உண்டு. சரக்கைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல்நோக்கில் கொள்ளலாம் என்கிறது 39ஆம் பிரிவு. "கூரியரிடம் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது" என்னும் டீலர் அறிந்தோ அறியாமலோ இதைத்தான் சார்ந்து நிற்கிறார். ஆயினும் இது மாற்றமுடியாத விதியல்ல. வீட்டு வாசல்வரை கொண்டுசேர்ப்பதாகச் சொல்லி, அதற்கெனக் கட்டணமும் பெற்று, கூரியரையும் தாமே தேர்ந்தெடுத்தவர் பாதி வழியில் பொறுப்பைக் கழற்றி வைப்பது எளிதல்ல. சரக்கின் தன்மைக்கேற்ற நியாயமான போக்குவரத்து ஏற்பாட்டை விற்பனையாளர் செய்யத் தவறி, வழியில் சரக்கு தொலைந்தால், கூரியரிடம் கொடுத்ததைத் தன்னிடம் கொடுத்ததாக ஏற்க மறுக்கும் உரிமையை வாங்குபவருக்கு அதே பிரிவு தருகிறது.

கொள்கையே உருவாக்கிய இடைவெளி

பெரிய இணையச் சந்தைகள் "நாங்கள் வெறும் மேடை, விற்றவர் வேறொருவர்" என்று சொல்வது வாடிக்கையாளரைத் தட்டிக்கழிக்கும் உத்தியாக மட்டுமே பலருக்குத் தெரிகிறது. அதற்குப் பின்னால் நாட்டின் முதலீட்டுக் கொள்கையும் இருக்கிறது. அந்நிய முதலீடு பெற்ற நிறுவனங்கள் சொந்தச் சரக்கை இருப்பு வைத்து இணையத்தில் நேரடியாக நுகர்வோருக்கு விற்பதை மத்திய அரசு அனுமதிப்பதில்லை. சில்லறை வணிகர்களைக் காப்பதே அதன் நோக்கம். சந்தை மேடையாக மட்டும் இயங்கினால் முழு அந்நிய முதலீட்டுக்கும் அனுமதி உண்டு. 2016 மார்ச்சில் வெளியான கொள்கைக் குறிப்பு, விற்பனைக்குப் பின் பொருளைக் கொண்டுசேர்ப்பதும் வாடிக்கையாளரின் திருப்தியும் விற்பனையாளரின் பொறுப்பு என்று எழுத்திலேயே வைத்தது. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மேடைக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான கோட்டை மேலும் அழுத்தமாக வரைந்தது.

தெருக்கோடிக் கடைக்காரரைப் பெருநிறுவனங்களிடமிருந்து காப்பதற்காக எழுதப்பட்ட நிபந்தனை, அதே பெருநிறுவனம் வாடிக்கையாளரிடம் பொறுப்பைத் தள்ளிவிடுவதற்கான வாசகமாகவும் பயன்படுகிறது. கொள்கை வகுத்தோர் இதை விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பக்க விளைவு இதுதான்: விளம்பரமும் பணம் பெறுதலும் பல நேரங்களில் கிடங்கும் கூரியரும் மேடையின் கையில், குறை வந்தால் மட்டும் பெயர் தெரியாத ஊரின் டீலர் கையில்.

இந்த இடைவெளியை அடைக்க ஒரு முயற்சி நடந்தது. 2021 ஜூனில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட திருத்த வரைவில், விற்பனையாளரின் கவனக்குறைவாலோ செய்யத் தவறியதாலோ பொருள் உரியபடி கிடைக்காமல் வாடிக்கையாளர் இழப்புக்கு உள்ளானால் சந்தை மேடையே ஈடுசெய்ய வேண்டும் என்ற பின்னிலைப் பொறுப்பு முன்மொழியப்பட்டது. தொழில்துறையிலிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. வரைவு வரைவாகவே தேங்கிவிட்டது. அது விதியாகியிருந்தால், இன்று சேவை மையங்களில் நடைபெறும் வாக்குவாதங்களில் பெரும்பகுதிக்கு வேலையே இருந்திருக்காது.

அதற்காக மேடைகள் முற்றிலும் விடுபட்டவை என்று பொருளல்ல. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரின் வணிகப் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைச் சந்தை மேடை தெளிவாகக் காட்ட வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் நிலையை அறிந்துகொள்ளத்தக்க எண் ஒன்றைத் தர வேண்டும். வாங்கிய பிறகு வாடிக்கையாளர் எழுத்து மூலம் கேட்டால், தகராறைத் தீர்க்கத் தேவையான விற்பனையாளர் விவரங்களை, தலைமையிட முகவரி உட்படக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி உரிமையைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. பொருளை அனுப்பிய டீலர் யார், எங்கிருக்கிறார் என்று தெரியாததாலேயே கைவிடப்படும் புகார்களுக்கு இதில்தான் விடை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இடைநிலை நிறுவனங்களுக்குத் தரும் பாதுகாப்பைக் கோர வேண்டுமானால், அந்தப் பிரிவு விதிக்கும் உரிய கவனத்தையும் மேடை காட்டியாக வேண்டும் என்று இவ்விதிகள் நினைவூட்டுகின்றன.

நாக்பூர் எடுத்துக்காட்டில் வரும் நிறுவனம் வேறு வகை. அது பல விற்பனையாளர்கள் கூடும் சந்தையன்று. தன் சொந்தப் பெயரில், தன் தளத்தில், தன் கணக்கில் பணம் பெற்ற நிறுவனம். டீலர் அதன் சார்பில் அனுப்பியவர். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, முகவரின் செயல் முதல்வரைக் கட்டுப்படுத்தும் என்கிறது. முதல்வரின் சொல்லாலோ நடத்தையாலோ ஒருவருக்கு அதிகாரம் இருப்பதாகப் பிறர் நம்பும்படி செய்திருந்தால், அந்த முதல்வர் பின்வாங்க முடியாது என்றும் சொல்கிறது. மின்னணு வணிக விதிகள் தனி வணிகப்பெயர் சில்லறை விற்பனையாளர்களையும் சொந்த இருப்பை விற்கும் நிறுவனங்களின் வகையிலேயே சேர்க்கின்றன. எனவே "அனுப்பியது டீலர்" என்ற பதில் நிறுவனத்துக்கு எளிதில் கைகொடுக்காது. ஆனால் ஒரு முன்னெச்சரிக்கை: ரசீது யார் பெயரில் உள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பணம் பெற்றது நிறுவனம், ரசீது கொடுத்தது டீலர் என்ற நிலையே இன்று பரவலாகக் காணப்படுகிறது. அந்நிலையில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஒருவரை விட்டுவிட்டால், விடுபட்டவர் மீது மற்றவர் கைகாட்டுவார்.

எடை சொல்லும் சாட்சி

இத்தகைய தகராறுகள் சட்டத்தில் தோற்பதைவிடச் சான்றில் தோற்பதே அதிகம். பெட்டிக்குள் ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி மெய்ப்பிப்பது? இல்லாததைப் படமெடுக்க முடியாது.

2018 டிசம்பரில் இந்தி நடிகை சோனாக்ஷி சின்ஹா, சுமார் 18,000 ரூபாய்க்கு வாங்கிய ஹெட்போன் பெட்டியில் இரும்புத் துண்டு ஒன்று இருந்ததாகப் படத்துடன் வெளியிட்டது நாடெங்கும் பேசப்பட்டது. பிரபலமானவருக்கு உடனே செவி கிடைத்தது. 2022ஆம் ஆண்டுப் பண்டிகைக்கால விற்பனையில் ஒரு குடும்பம் வாங்கிய மடிக்கணினியின் பெட்டியில் சலவை சோப்புகள் இருந்த நிகழ்வு இன்னும் கற்பிப்பது. பெட்டியைப் பொருள் கொண்டுவருபவர் முன்னிலையில் திறந்து பார்த்த பிறகே கடவு எண்ணைத் தர வேண்டும் என்ற ஏற்பாடு அங்கு இருந்தது. பெற்றுக்கொண்ட முதியவருக்கு அந்த முறையே தெரியாது. வழக்கம்போல் எண்ணைக் கொடுத்துவிட்டார். எண் தரப்பட்டதாலேயே புகார் முதலில் மறுக்கப்பட்டது. சமூக ஊடகத்தில் செய்தி பரவிய பிறகே பணம் திரும்பியது. கண்காணிப்பு கேமராப் பதிவு கையிலிருந்த குடும்பம் அது. கேமராவும் இன்றி, ஊடகத்தில் செல்வாக்கும் இன்றி இருப்பவர்களின் புகார்கள் எங்கே போய் முடிகின்றன என்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

கடவு எண் என்பது உரியவரிடம் பெட்டி போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ய உருவான கருவி. திறந்து காட்டி ஒப்படைக்கும் முறை அதையே உள்ளடக்கத்தை ஏற்றதற்கான முத்திரையாகவும் மாற்றிவிட்டது. முறை நல்லதே. ஆனால் வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில், எண்ணைக் கேட்கும் அந்த நொடியில் அதைச் சொல்லாமல், தளத்தின் நிபந்தனைகள் பக்கத்தில் எங்கோ எழுதி வைத்துவிட்டு, பின்னர் அதையே காரணம் காட்டுவது நியாயமாகாது.

'பெட்டி திறக்கும் காணொளி இல்லையேல் புகார் ஏற்கப்படாது' என்ற வாசகத்தை இப்போது சிறு விற்பனையாளர்களின் தளங்களில் பரவலாகக் காணலாம். எந்தச் சட்டமும் வாடிக்கையாளரை அப்படிப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தவில்லை. நுகர்வோருக்குப் பாதகமாக நியாயமற்ற கடமையையோ நிபந்தனையையோ சுமத்தும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. அதை மாநில ஆணையத்தில் எதிர்க்கவும் வழியுண்டு. எனினும் சில ஆயிரம் ரூபாய் பொருளுக்காக அத்தனை தூரம் செல்வதைவிட, விலையுயர்ந்த பெட்டியைத் திறக்கும்போது கைப்பேசியை எதிரே நிறுத்தி வைப்பது எளிது என்பதும் நடைமுறை உண்மை. பதிவு வெட்டின்றித் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். முகவரிச் சீட்டும் ஒட்டுநாடாவும் திறப்பதற்கு முன்பே தெரிய வேண்டும்.

காணொளியைவிட வலுவான, ஆனால் அநேகமாக யாரும் கேட்டுப் பெறாத சான்று ஒன்று இருக்கிறது: எடை. கூரியர் நிறுவனங்கள் எடைக்கேற்பவே கட்டணம் வாங்குகின்றன. டீலர் அறிவித்த எடையும், பிரிப்பு மையங்களில் இயந்திரம் அளந்த எடையும் பதிவாகின்றன. இவ்விரண்டுக்குமான வேறுபாட்டைப் பற்றி விற்பனையாளர்களுக்கும் கூரியர் நிறுவனங்களுக்கும் இடையே அன்றாடம் கணக்குத் தகராறு நடக்கிறது. இயந்திரமும் மோட்டாரும் சேர்ந்து இருக்க வேண்டிய எடையைவிட முதல் மையத்திலேயே குறைவாகப் பதிவாகியிருந்தால், பொருள் டீலரின் கிடங்கிலேயே விடுபட்டது தெளிவு. முதல் மையத்தில் சரியாக இருந்து கடைசி மையத்தில் குறைந்திருந்தால், குறை வழியில் நேர்ந்தது. ஒரு பக்கம்கூட நிரம்பாத இந்தப் பதிவு, மூன்று தரப்பும் மாறி மாறி எழுதும் பத்து மின்னஞ்சல்களை விட அதிகம் பேசும். பொருளின் எடை சிறிதாயின் இது உதவாது. காதணியோ நினைவக அட்டையோ குறைந்தால் தராசு காட்டிக்கொடுக்காது.

இந்தப் பதிவு வாடிக்கையாளர் கையில் இல்லை. அதனால்தான் மெய்ப்பிக்கும் பொறுப்பு பற்றிய கேள்வி எழுகிறது. ஒருவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்த உண்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அதே கொள்கை 109ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கட்டும் மேசைக்கு மேலுள்ள கேமராவின் பதிவு, எடைக் குறிப்பு, பெட்டி கைமாறிய நேரங்கள் ஆகிய அனைத்தும் எதிர்த்தரப்பிடம் இருக்கும்போது, வாங்குபவர் தொடக்கநிலைச் சான்றைக் காட்டிய பின் மீதியை அவர்களே விளக்கட்டும் என்று கேட்பதற்கு இக்கொள்கை துணைநிற்கும். ஆகவே முதல் புகாரிலேயே அந்தப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்குமாறு எழுத்தில் கோருவது பயன்தரும். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடுவது வழக்கம்.

ரசீதும் கவனிக்கத்தக்கது. சரக்கு மற்றும் சேவை வரி ரசீதில் மோட்டார் தனி வரியாகக் காட்டப்பட்டிருந்தால் குறை எது, அதன் மதிப்பு எவ்வளவு என்பது விளங்கிவிடும். இயந்திரத்தோடு சேர்த்து ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தால், தளத்தில் பொருளை விவரிக்கும் பக்கத்தை உடனே படமெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். "பெட்டியில் இருப்பவை" என்ற அந்தப் பட்டியல் மறுநாளே மாற்றப்படக்கூடும்.

டீலரின் பக்கம்

டீலரை எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் சரியன்று. பெரிய சந்தை மேடைகளில் விற்கும் சிறு வணிகருக்கு, வாடிக்கையாளர் செலுத்திய பணம் உடனே வருவதில்லை; மேடை அதை வைத்திருந்து, கழிவுகள் போகத்தான் தருகிறது. குறை என்று புகார் வந்தால் அந்தத் தொகை அவர் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது. அவர் முழுமையாகக் கட்டியிருந்தும் வழியில் திருடப்பட்டிருந்தால், அதை மெய்ப்பித்து ஈடு கேட்க அவருக்கும் குறுகிய காலக்கெடுவும் நீண்ட படிவங்களும்தான். கட்டும் ஒவ்வொரு பெட்டியையும் தாமாகவே படம்பிடித்து வைக்கும் டீலர்கள் பெருகி வருவது இதனால்தான். ஒரு முனையில் வாடிக்கையாளர் திறப்பதைப் பதிவுசெய்கிறார், மறுமுனையில் டீலர் மூடுவதைப் பதிவுசெய்கிறார். இடையில் பெட்டி பயணம் செய்யும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைப் பதிவுசெய்வோர் இல்லை.

கூரியர் நிறுவனத்தின் மீது டீலர் நடவடிக்கை எடுக்க விரும்பினால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அஞ்சல் வழி அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம்: 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023, விதிகளில் வரையறுத்த அளவுக்கு மேல் இழப்புக்கு அஞ்சல் துறை பொறுப்பாகாது என்கிறது. வழியில் திருடுவது பாரதிய நியாய சம்ஹிதையின்கீழ் குற்றம். ஒப்படைக்கப்பட்ட சரக்கில் போக்குவரத்தாளரே கைவைத்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறை. ஆனால் இவை எல்லாம் டீலருக்கும் கூரியருக்கும் இடையிலான வழக்கு. அது முடியும் வரை வாடிக்கையாளர் காத்திருக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

எங்கே முறையிடுவது

முதற்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்துப் புகார். தொலைபேசியில் பேசுவதை மட்டும் நம்புவது தவறு. திருப்பியனுப்பும் கால அவகாசம் பல தளங்களில் சில நாட்களே என்பதால், பெட்டியைத் திறந்த அன்றே எழுதிவிட வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் அது இயங்குகிறது. அங்கு வரும் புகார்களில் மின்வணிகத் துறைக்கே முதலிடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அந்த அமைப்போடு இணைந்துள்ளதால் புகார் நேரடியாக அவற்றின் மேசைக்குச் செல்கிறது. கணிசமானவை வழக்கின்றியே தீர்கின்றன. ஆனால் உதவி எண்ணுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. இணையாத சிறு டீலர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் அங்கு மேற்கொண்டு செய்வதற்கு அதிகமில்லை. அட்டை மூலம் பணம் செலுத்தியவர்கள் தம் வங்கியிடம் தகராறு எழுப்பிப் பார்க்கலாம். வாசலில் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செய்த மாற்றம் பெரிது. நிறுவனம் எங்கிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்கிடலாம். நாக்பூர்ப் பெண் லூதியானாவுக்கோ இந்தூருக்கோ போகத் தேவையில்லை. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே இணையத்திலும் தாக்கல் செய்யலாம். காணொளி வழி விசாரணைக்கும் சட்டத்தில் இடமுண்டு. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். அவர் தையலைத் தொழிலாகச் செய்வதால் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலால் வாழ்க்கை நடத்துவதற்காகவே வாங்கியதை வணிக நோக்கமாகக் கருதலாகாது எனச் சட்டமே விளக்கம் தந்துள்ளது.

ஒரு தவறான பாதையைச் சுட்டிக்காட்டுவது நல்லது. புதிய சட்டம் வந்தபோது பரவலாகப் பேசப்பட்ட 'பொருள் பொறுப்பு' அத்தியாயம் இத்தகைய வழக்குக்கு உதவாது. அது பழுதான பொருளால் உடலுக்கோ பிற உடைமைக்கோ நேரும் தீங்குக்கானது; வெறும் பொருளாதார இழப்பு அதில் அடங்காது. விடுபட்ட மோட்டாருக்கு அதன்கீழ் இழப்பீடு கேட்டால் வழக்கு தடுமாறும். பழுது, சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்பவையே சரியான தலைப்புகள். அவற்றின்கீழ் மாற்றுப் பொருள், வட்டியுடன் பணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றை ஆணையம் வழங்கலாம். உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும்.

பரிசோதனை தேவைப்படாத வழக்குகளை மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடப்பது வேறு. ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பணியிடங்கள் நிரப்பப்படாததைக் கண்டு உச்ச நீதிமன்றமே 2021இல் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. இரண்டாயிரம் ரூபாய் பொருளுக்காக ஆண்டுக்கணக்கில் தேதி கேட்டுக்கொண்டிருக்க எவரும் விரும்புவதில்லை. அந்தச் சலிப்பையும் கணக்கில் வைத்தே சில நிறுவனங்கள் முதல் புகாரை மறுக்கின்றன என்று ஐயுறக் காரணம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் சிறு தொகை, மொத்தமாகப் பார்த்தால் பெருந்தொகை என்ற இந்த நிலைக்காகவே 2020இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. நுகர்வோர் கூட்டத்தைப் பாதிக்கும் நடைமுறைகளைத் தானாகவே விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடமளித்த மேடைகளுக்கு 2022இல் அது அபராதம் விதித்தது. குறைபட்டு வரும் பெட்டிகளின் புகார்களை மறுக்கும் நடைமுறையை அது இதே கண்ணோட்டத்தில் இன்னும் கையிலெடுக்கவில்லை.

பொறுப்புச் சங்கிலி இதற்குள் மேலும் நீண்டுகொண்டிருக்கிறது. அரசின் ஆதரவுடன் உருவான ஓஎன்டிசி வலையமைப்பில் வாங்குபவர் பயன்படுத்தும் செயலி ஒன்று, விற்பவரை இணைக்கும் செயலி வேறொன்று, கொண்டுசேர்ப்பவர் மூன்றாமவர். சிறு கடைக்காரரைப் பெரிய மேடைகளின் பிடியிலிருந்து விடுவிப்பதே அதன் நோக்கம். புகாரை ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் நடைமுறையை அந்த வலையமைப்பு வகுத்துள்ளது. ஆனால் ஒரே மேடை என்ற கருத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட 2020ஆம் ஆண்டு விதிகள், பெட்டியில் ஒன்று குறைந்தால் இந்த மூவரில் முதலில் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் யார் என்று சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டு வரைவு மீண்டும் எடுக்கப்படுமானால், அதில் சேர்க்கப்பட வேண்டிய முதல் வரி இதுவாகத்தான் இருக்கும்.